ஒன்பதரை மணிக் கட்டம்

பட்டியலக்கா: பிறப்பு 1955 மார்ச் 3, இறப்பு 2018 ஆகஸ்ட் 21.

அரசு மருத்துவமனையின் துணிப் பிரிவில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்தவர். ஒரு மின்பணியாளரின் மனைவி. ஒரே மகளின் தாய். பதினான்கு ஆண்டுகள் படுக்கையில் கிடந்த மாமியாரின் ஒரே மருமகள். மருத்துவமனையில் அவரைத் துணியக்கா என்றார்கள். வீட்டில் ஆளுக்கொரு முறைசொல்லி அழைத்தார்கள். சபையில் மட்டும் பட்டியலக்கா என்றார்கள். அந்தப் பெயர்தான் நிலைத்தது.

துணிப் பிரிவு கட்டடத்தின் நிலவறையில் இருந்தது. காலை ஆறரைக்குள் எல்லா வார்டுகளின் தள்ளுவண்டிகளும் அங்கே வந்து சேர்ந்துவிடும். அறுவைக்கூடத்துப் பச்சைத் துணிகளை ஒவ்வொன்றாக விளக்கொளிக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். ஊசி நுழையும் அளவு ஓட்டை தென்பட்டாலும் அந்தத் துணியை ஒட்டுப்போட ஒதுக்கிவிட வேண்டும். படுக்கை விரிப்புகளின் நீலக்கரை வெளிப்பக்கம் தெரியுமாறு மடிக்க வேண்டும். இந்த வேலையில் அவரிடம் ஒருவரும் ஒருநாளும் குறை கண்டதில்லை. அதனாலேயே அவரை வேறு பிரிவுக்கு மாற்றவும் ஒருவரும் நினைக்கவில்லை. நிலவறைக்குச் சன்னல் கிடையாது.

வீடு மூன்றாம் மாடியில், இரண்டு அறைகள். 2003ஆம் ஆண்டு மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்ததால் அவரைத் தூக்கக் கதவை உடைக்க வேண்டியதாயிற்று. புதுக் கதவு போட்டபோது கணவர் அதில் தாழ்ப்பாள் வைக்கவில்லை. அன்றுமுதல் அந்த வீட்டில் உள்ளிருந்து பூட்டிக்கொள்ளக்கூடிய கதவு ஒன்றுகூட இல்லை. பட்டியலக்கா குளித்துக்கொண்டிருக்கும்போதும் கதவுக்கு வெளியிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கும்.

உள்ளே தாழ்ப்பாள் உள்ள அறையொன்று அவருக்குக் கிடைத்தது சபையில்தான்.

ஆலயத்தின் பின்பக்கத்தில், அங்கிகள் வைக்கும் அறையை அடுத்து, பத்தடிக்கு எட்டடி அளவில் ஒரு சிற்றறை. ஒரு நாற்காலி, ஒரு பாய், ஒரு மேசை, ஒரு சுவர்க்கடிகாரம், தெருவைப் பார்த்த உயரமான சன்னல் ஒன்று. 1994இல் சபைப் பெண்கள் அங்கே சங்கிலி ஜெபத்தைத் தொடங்கினார்கள். வெள்ளிதோறும் காலை ஆறு முதல் மாலை ஆறு வரை, ஆளுக்கு அரைமணி நேரமாக இருபத்துநான்கு பேர் ஒருவர்பின் ஒருவராக அமர்ந்து ஜெபிப்பார்கள். பட்டியலக்கா தம் வார விடுப்பை வெள்ளிக்கு மாற்றிக்கொண்டு அதில் சேர்ந்தார். முதல் வெள்ளியன்று தாழ்ப்பாளைப் போட்டு, பாயில் அமர்ந்து, அரைமணி நேரமும் கடவுளிடம் வாய்விட்டுப் பேசியதாகவும், வெளியே வந்தபோது தெருவே கழுவிவிட்டாற்போல் இருந்ததாகவும் பிற்காலத்தில் தம் தோழியான தையற்காரியிடம் சொல்லியிருக்கிறார். ஓராண்டு அப்படியே நடந்தது.

அதன்பின் இரண்டு வாரங்கள் தொடர்ந்து அறை ஆளின்றிக் கிடந்தது. எதையும் ஒழுங்கின்றி விட மனம் வராத பட்டியலக்கா, இரண்டு விதிகளைத் தம் கையால் எழுதிக் கதவில் ஒட்டினார். அறை வெறுமையாக இருத்தலாகாது. அடுத்தவர் வந்து சாவியைக் கையில் வாங்கும்வரை இருப்பவர் எழலாகாது. (தொலைபேசி அறைக்குள் ஆகாது என்ற மூன்றாவது விதி, கைப்பேசிகள் வந்த பிறகு சேர்ந்தது.) கூடவே இருபத்துநான்கு கட்டங்கள் கொண்ட வாராந்தரப் பட்டியலொன்றைத் தயாரித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். பெண்கள் தங்கள் விண்ணப்பங்களைச் சீட்டுகளில் எழுதிப் போட ஒரு தகரப்பெட்டியும் வைத்தார். சங்கிலி பிறகு அறவில்லை.

பட்டியலில் யாரும் ஒப்புக்கொள்ளாத கட்டத்தில் அவர் பேனாவை அழுத்தி ஒரு புள்ளி வைப்பார். புள்ளி என்றால் பட்டியலக்கா என்று பொருள். தம் பெயரையே பல முறை எழுதினால் பார்ப்பதற்குப் பெருமை அடிப்பதுபோல் இருக்கும் என்று அவர் நினைத்தார். முதலில் ஒரு புள்ளி இருந்தது. பின்னர் மூன்று. 2011இல் ஒன்பது.

"இந்த வாரம் வீட்டுல விருந்தாளி, அக்கா. ஒரு புள்ளி வச்சிருங்க," என்பார்கள்.

"எனக்கும் ஒண்ணு, அக்கா. உங்க பேனாவுல மை இருக்குல்ல?"

அவரும் சிரித்துக்கொண்டே புள்ளி வைப்பார்.

அந்த அறையில் அவர் செய்தது நாளடைவில் சீட்டு வாசிப்பது மட்டும் என்றாயிற்று. ஒருத்தியின் முட்டிவலி, இன்னொருத்தியின் மகன் தேர்வு, வேறொருத்தியின் வீட்டுக்காரர் குடி. ஒன்றை வாசித்து ஆமென் சொல்லி அடுத்ததை எடுப்பார். நடுவில் கடிகாரத்தைப் பார்ப்பார். பதினொரு மணிக்கு மாமியாருக்கு மாத்திரை. அவருடைய கையெழுத்தில் ஒரு சீட்டும் அந்தப் பெட்டியில் விழுந்ததில்லை. ஒருநாள் அவர் தையற்காரியிடம் கேட்டார்.

"ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லு. அந்த ரூம்ல நீ என்ன பண்ணுவ?"

"அழுவேன். பாடுவேன். பாவாடை தைக்கக் குடுத்துட்டு வாங்காமப் போறவங்களத் திட்டுவேன். ஏன் அக்கா?"

"கடவுள்கிட்டயா திட்டுவ?"

"வேற யாருகிட்ட திட்டுறது? நீங்க என்ன பண்ணுவீங்க?"

"சீட்டு வாசிப்பேன்."

"சரி. முடிஞ்சதும்?"

"கடியாரத்தப் பாப்பேன்." பிறகு, "ரொம்ப வருஷமாச்சு நான் பேசி. பேச வாயே வரல," என்றார்.

தையற்காரி அன்று கிண்டல் செய்யவில்லை.

பட்டியலை வேறொருவர் எழுதட்டும் என்று போதகரின் மனைவியிடம் அவர் இருமுறை கேட்டிருக்கிறார். இரண்டு முறையும் கிடைத்த மறுமொழி ஒன்றே.

"உங்கள மாதிரி யாருக்கு அக்கா வரும்? உங்க கையெழுத்தப் பாத்தாலே ஜெபம் பண்ணத் தோணுதுன்னு எல்லாரும் சொல்றாங்க."

பாராட்டை மறுத்துப் பேச அவருக்குத் தெரியாது. இரண்டு முறையும் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

2011 அக்டோபர் 14, 15 தேதிகளில் சபைப் பெண்களுக்கு இரண்டுநாள் ஆவிக்குரிய முகாம் ஏற்பாடாயிற்று. 'பல பொறுப்புகளின் நடுவே இளைப்பாறுதல்' என்பது பொருள். இரண்டு மணி நேரப் பயணத்தில், ஏரிக்கரையில் ஓர் இல்லம். ஒவ்வொருவருக்கும் தனி அறை. அந்தத் தனி அறை என்ற சொல்தான் பட்டியலக்காவை அசைத்தது. பேருந்தைப் பேசி அமர்த்தியது, உணவுக்குச் சொன்னது, நாற்பது பேருக்கு அறைகளைப் பிரித்தது, அறிவிப்பை ஒட்டியது எல்லாம் அவரே. எல்லாவற்றையும் முடித்த பிறகு, நாற்பத்தோராவதாக நானும் வருகிறேன் என்று போதகரின் மனைவியிடம் மெல்லச் சொன்னார்.

"அதுக்கென்ன அக்கா, வாங்க வாங்க," என்றார் அந்த அம்மையார், வேறொருவருக்குக் கையசைத்தபடி.

வெள்ளியும் சனியும் பாட்டியைப் பார்த்துக்கொள்ள மகள் ஒப்புக்கொண்டாள். மிஞ்சியது சங்கிலி. தாமே அமரவிருந்த ஒன்பது மணிக் கட்டம் போக, மற்ற எட்டுப் புள்ளிகளையும் முகாமுக்குப் போகாதவர்களைக்கொண்டு நிரப்ப வேண்டும். பட்டியலக்கா ஒரு வாரம் வீடு வீடாக ஏறி இறங்கினார். ஐந்து கட்டங்களுக்கு ஆள் கிடைத்தது. பேருந்து புறப்படும் நேரத்தையொட்டிய ஒன்பதரை, பத்து, பத்தரை ஆகிய மூன்றையும் ஓய்வுபெற்ற செவிலி ஒருவர் சேர்த்து ஏற்றுக்கொண்டார். ஒன்பது முதல் ஒன்பதரை வரை பட்டியலக்கா அமர்வார். சாவியைச் செவிலியிடம் கொடுத்துவிட்டு, ஆலய வாசலில் ஒன்பதே முக்காலுக்குப் பேருந்து ஏறுவார். முன்வரைவில் செவிலியின் பெயரை மூன்று கட்டங்களிலும் தெளிவாக எழுதியும் வைத்தார்.

புதன்கிழமை மாலை, மாமியாருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே, முழங்காலில் அட்டையை வைத்துப் பட்டியலைப் படியெடுத்தார். ஒன்பதரை, பத்து, பத்தரை. பல ஆண்டுகளாக அந்த மூன்று கட்டங்களிலும் அந்தக் கை வைத்தது புள்ளி. அன்றும் புள்ளியே வைத்தது. மாமியாருக்குப் புரையேறியது, பட்டியலக்கா எழுந்தார். பட்டியல் அப்படியே அறிவிப்புப் பலகைக்குப் போயிற்று.

வியாழனன்று செவிலி அதைப் பார்த்தார். தம் பெயர் இல்லை, புள்ளிகள் இருக்கின்றன. பட்டியலக்கா பயணத்தை விட்டுவிட்டார் போலும் என்று எண்ணிக்கொண்டு, வெள்ளி காலைக்குப் பல் மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டார். போதகரின் மனைவியும் பார்த்தார். அவர் நினைத்ததும் அதுவே.

வெள்ளி காலை வீட்டிலிருந்து புறப்படுவதே பெரும்பாடாயிற்று.

"எங்க போற?" என்றார் மாமியார், பத்தாவது தடவையாக.

"முகாமுக்கு, அத்த. நாளைக்குச் சாயங்காலம் வந்துருவேன்."

"மாத்திரை யாரு குடுப்பா?"

"உங்க பேத்தி."

"அவ குடுத்தா எனக்கு எறங்காது."

"குடுக்கிற ஆள் யாருன்னு மாத்திரைக்குத் தெரியுமா, அத்த?"

"மாத்திரைக்குத் தெரியாது. தொண்டைக்குத் தெரியும்."

சமையலறையிலிருந்து கணவர் கூப்பிட்டார். "உப்பு எங்க?"

"உங்க கைக்கு நேரா."

"சர்க்கரை?"

"உப்புக்குப் பக்கத்துல."

"ரெண்டும் வெள்ளையா இருக்கே!"

"நாக்குல வச்சுப் பாருங்க," என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினார். பையில் ஒரு மாற்றுடை, ஒரு துண்டு, கோடு போடாத புதுக் குறிப்பேடு ஒன்று. கோடு போடாததைத் தேடி மூன்று கடைகள் ஏறியிருந்தார்.

ஒன்பது மணிக்குச் சிற்றறைக்குள் போனார். தொலைபேசியை வெளி மாடத்தில் வைத்தார். பெட்டியில் பதினேழு சீட்டுகள் இருந்தன. ஒன்பது இருபத்தெட்டுக்குக் கடைசிச் சீட்டை வாசித்து முடித்தார். எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவருகே நின்றார்.

ஒன்பதரைக்கு யாரும் வரவில்லை. ஒன்பது நாற்பதுக்கும் வரவில்லை. சன்னலுக்கு அப்பால் பேருந்து வந்து நிற்கும் ஓசை கேட்டது. பெண்களின் சிரிப்பும், பை ஏற்றும் சத்தமும், இடம் பிடிக்கும் சண்டையும் கேட்டன. பிறகு யாரோ ஒருத்தி கேட்டாள்:

"பட்டியலக்கா எங்க?"

"அவங்க வரல," என்றது போதகரின் மனைவியின் குரல். "போர்டு பாக்கலயா? பதினொரு மணி வரைக்கும் புள்ளி இருக்கு."

"எல்லாம் ஏற்பாடு பண்ணுனதே அவங்கதான?"

"ஏற்பாடு பண்றவங்க எங்க வந்து உக்காருவாங்க? டிரைவர், எடுங்க, நேரமாச்சு."

அப்போதுதான் பட்டியலக்காவுக்குத் தம் கை செய்தது தெரிந்தது.

கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். சன்னலுக்கும் பேருந்துக்கும் இடையே இருபது அடிதான். பேருந்து நின்றிருக்கும். ஆனால் அறையில் உட்கார ஒருத்தியைக் கீழே இறக்க வேண்டியிருக்கும். யாரை இறக்குவது? நாற்பது பேரின் சீட்டுகளையும் வாரம் தவறாமல் வாசித்தவர் அவர். முட்டிவலிக்காரி ஆறு மாதமாகக் காத்திருந்தாள். குடிகாரன் மனைவி வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் இரவு வெளியே தங்கப் போகிறாள். அடுத்தவள் கைக்குழந்தையைத் தன் தாயிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். வரிசையாக ஒவ்வொருத்தியாக எண்ணிப் பார்த்து ஏழாவது பெயருக்கு வந்தபோது, பேருந்து தெருமுனை திரும்பிவிட்டது.

கதவுத் தாழ்ப்பாளில் கையை வைத்தார். பதினாறு ஆண்டுகள் அறாத சங்கிலி. கதவில் ஒட்டியிருந்த விதிகள் அவரே எழுதியவை. கையை எடுத்துக்கொண்டார். அடுத்துப் பெயர் எழுதியிருந்தது பதினொரு மணிக் கட்டத்தில், தையற்காரி வருவாள். அதுவரை ஒரு மணியும் பத்து நிமிடமும் அந்தப் பத்தடி அறைக்குள்தான்.

சீட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தார். எல்லாம் வாசித்தாயிற்று. மடிக்கத் துணியில்லை, கொடுக்க மாத்திரையில்லை, கூப்பிட ஆளில்லை. செய்வதற்கு ஒன்றும் இல்லாத ஒரு மணிநேரம் தம் வாழ்வில் கடைசியாக எப்போது வந்தது என்று நினைத்துப் பார்த்தும் அவருக்கு நினைவு வரவில்லை. முதலில் பயந்துவிட்டதாகப் பிறகு சொன்னார். அறை சிறுத்துக்கொண்டே வந்ததாம். எழுந்து நின்றார், அமர்ந்தார், மறுபடி எழுந்தார். மேசையின் மூலைகளை முந்தானையால் துடைத்தார். பிறகு, யாருமில்லாத நாற்காலியைப் பார்த்து, வாய்விட்டுக் கேட்டார்:

"நீங்களும் என்னப் புள்ளின்னே நெனச்சுட்டீங்களா?"

அதைத் தொடர்ந்து சொன்னவை தையற்காரிக்கும் முழுமையாகத் தெரியாது. நிலவறையைப் பற்றியும், தாழ்ப்பாள் இல்லாத குளியலறையைப் பற்றியும், நன்றி சொல்லிவிட்டு வந்த இரண்டு முறைகளைப் பற்றியும் சொல்லியிருக்கிறார். நல்ல வார்த்தைகளில் சொல்லவில்லை என்பதை மட்டும் ஒப்புக்கொண்டார். மறுமொழி ஏதும் வரவில்லை. ஆனால் பேச வாய் வந்துவிட்டது. பேசி முடித்தபோது மணி பத்து ஐந்து. பையைத் தலைக்கு வைத்துப் பாயில் படுத்தார்.

பதினொரு மணிக்குத் தையற்காரி கதவைத் தட்டினாள். ஐந்து நிமிடம் தட்டினாள். திறந்தவரின் வலக்கன்னத்தில் பையின் கொக்கி பதிந்திருந்தது.

"அக்கா! நீங்க முகாமுக்குப் போகல?"

"தூங்கிட்டேன்டி."

"பஸ்ஸு?"

"போயிருச்சு. சங்கிலியும் அறுந்துபோச்சு. ஒரு மணிநேரம் ஜெபமே இல்ல."

தையற்காரி கதவில் இருந்த விதிகளை விரல்வைத்து வாசித்தாள். "அறை வெறுமையா இருக்கக் கூடாதுன்னுதான் போட்டிருக்கீங்க. முழிச்சிருக்கணும்னு எங்க போட்டிருக்கு? உங்க சட்டம்தான், பாருங்க." பிறகு அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்து, "நல்லாத் தூங்கியிருக்கீங்க," என்றாள். "பதினொன்னரைக்கு இன்னொரு பஸ் இருக்கு. இன்னிக்கு மதியத்துக்குள்ள போய்ச் சேர்ந்துரலாம். ஓடுங்க."

மாடத்திலிருந்த தொலைபேசியில் ஆறு அழைப்புகள் வந்து நின்றிருந்தன. பட்டியலக்கா மகளை அழைத்தார்.

"அம்மா, போய்ச் சேந்துட்டீங்களா? பாட்டி வாயத் தெறக்கவே மாட்டேங்குறாங்க. மூணு மாத்திரையத் துப்பிட்டாங்க. அப்பா டீல உப்பப் போட்டுட்டு என்னைத் திட்டுறாரு."

"நான் இன்னும் போகல. சபையிலதான் இருக்கேன்."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. "அப்பாடா! அப்ப நான் கெளம்பட்டுமா?"

பட்டியலக்கா தெருமுனையைப் பார்த்தார். பையைப் பார்த்தார். தையற்காரி இரண்டு கைகளாலும் வேண்டாம் வேண்டாம் என்று சைகை காட்டிக்கொண்டிருந்தாள்.

"இரு. வர்றேன்," என்றார்.

பதினொன்று முப்பத்தைந்துக்கு மாமியார் மாத்திரையை விழுங்கினார். "சொன்னேன்ல," என்றார்.

அடுத்த புதனன்று பட்டியலக்கா வழக்கம்போல் அளவுகோல் வைத்து இருபத்துநான்கு கட்டங்கள் போட்டார். எட்டில் புள்ளி வைத்தார். ஒன்பதரை மணிக் கட்டத்தில் தம் முழுப்பெயரை எழுதினார். பதினாறு ஆண்டுகளில் அதுவே முதல்முறை. பலகையைப் பார்த்த போதகரின் மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை.

"இது என்ன அக்கா, பேரெல்லாம் எழுதியிருக்கீங்க? புள்ளி வச்சாலே எங்களுக்குத் தெரியுமே."

"அந்த அரைமணிக்கு மட்டும் சீட்டுப் பெட்டிய வெளிய எடுத்து வச்சுருவேன், அம்மா."

"அப்ப யாருக்காக ஜெபம் பண்ணுவீங்க?"

"எனக்கு."

"உங்களுக்கு என்ன குறை?" என்றார் அம்மையார், உண்மையான வியப்புடன்.

"அது உள்ள போனாத்தான் தெரியும். பண்ணுவனோ, தூங்குவனோ, அதையும் இப்பச் சொல்ல முடியாது."

"தூங்குறதா!"

"அறை வெறுமையா இருக்காது, அம்மா."

இதைப்பற்றிச் சிலர் முணுமுணுத்தார்கள். பட்டியலக்காவுக்கு வயதாகிவிட்டது என்றார்கள். பல் மருத்துவரிடம் போன செவிலி, பரிகாரம்போல, ஒரு மாதம் மூன்று கட்டங்களை ஏற்றார். பிறகு அவருக்கும் விருந்தாளிகள் வரத் தொடங்கினார்கள். மற்றபடி எதுவும் மாறவில்லை. நிலவறைக்குச் சன்னல் வைக்கப்படவில்லை. குளியலறைக்குத் தாழ்ப்பாள் வரவில்லை. 2015இல் பணி ஓய்வு பெற்றார். இனி நேரம் நிறைய இருக்குமே என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள், புள்ளிகள் பதின்மூன்றாயின. 2017 பிப்ரவரியில் மாமியார் காலமானார். அந்தக் கட்டில் காலியான மூன்றாம் வாரத்தில், மகள் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்ததால், அவளுடைய குழந்தையின் தொட்டில் அதே இடத்தில் வந்து சேர்ந்தது.

ஏரிக்கரை இல்லத்துக்கு அவர் ஒருபோதும் போகவில்லை. கோடு போடாத குறிப்பேடு அவருடைய அலமாரியில் இருந்தது. அதில் ஒன்றும் எழுதப்படவில்லை.

ஒன்பதரை மணிக் கட்டத்தை மட்டும் அவர் விடவில்லை. அந்த அரைமணியில் கதவை யாரும் தட்டக்கூடாது என்று தையற்காரி தானே காவலுக்கு நின்றாள். பத்து மணிக் கட்டத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டதே அதற்காகத்தான். சில வெள்ளிகளில் உள்ளே பேச்சுக்குரல் கேட்குமாம். சில வெள்ளிகளில் ஒன்றும் கேட்காதாம். ஒருமுறை போதகரின் மனைவி, வெளியூரிலிருந்து வந்த ஒரு சகோதரிக்காக அந்த நேரத்தைக் கேட்டார்.

"வேற எந்த நேரம் வேணும்னாலும் எடுத்துக்கோங்க, அம்மா. பதிமூணு இருக்கு. இது இல்ல."

அந்த அம்மையாரிடம் அவர் முடியாது என்று சொன்னது அந்த ஒரேமுறைதான் என்பது தையற்காரியின் கணக்கு.

2018 ஆகஸ்டில் அவருக்கு மூச்சிரைப்பு தொடங்கியது. மருத்துவர் மாடிப்படி ஏறக்கூடாது என்றார். மூன்றாம் மாடியில் குடியிருப்பவர் எப்படி ஏறாமல் இருப்பார் என்று சொல்லவில்லை. அந்த மாதம் 15ஆம் தேதி புதனன்று, தொட்டிலை ஒரு காலால் ஆட்டிக்கொண்டே பட்டியலை எழுதினார். பதின்மூன்று புள்ளிகள், ஒரு பெயர். வெள்ளியன்று தையற்காரி கைத்தாங்கலாக அழைத்துவந்து அறை வாசலில் விட்டாள். சீட்டுப் பெட்டியை அவரே எடுத்து வெளி மாடத்தில் வைத்தார்.

"நான் உள்ள வந்து உக்காரட்டுமா, அக்கா?" என்று கேட்டாள் தையற்காரி.

"உன் நேரம் பத்து மணிக்கு," என்றார் அவர்.

2018 ஆகஸ்ட் 17, வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதரைக்கு, அந்த அறையின் தாழ்ப்பாளைப் பட்டியலக்கா உள்ளிருந்து போட்டார்.